முட்டியை மாற்றலாம்... முடக்குவாதம் மாறுமா? ஆபரேஷனுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு 70 வயது, மருமகளுக்கு 46. இரண்டு பேருக்குமே முட்டிவலி. மாமியாருக்கு மாடிப்படி ஏறினால் வலிக்கும், சற்று உட்கார்ந்தால் குறையும். மருமகளுக்கு நேர்மாறு. ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்த பிறகுதான் வலி உச்சத்தில் இருக்கும். காலையில் பால் பாக்கெட்டைக் கிழிக்க விரல் ஒத்துழைக்காது. தலை பின்ன கை தூக்க முடியாது. உடம்பு 'இளகி' வேலைக்குத் தயாராவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

இருவரின் எக்ஸ்-ரேயையும் பார்த்த டாக்டர், "ரெண்டு பேருக்குமே முட்டி மாத்தணும்" என்கிறார். உடனே வீட்டில் எழும் கேள்வி: "ஒரே ஆபரேஷன்தானே... அம்மாவுக்குப் பண்ணும்போதே இவளுக்கும் பண்ணிடலாமே?"

ஆபரேஷனின் பெயர் ஒன்றுதான். பொருத்தப்படும் உலோக மூட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மருமகளுக்கு இருப்பது தேய்மானம் அல்ல, முடக்குவாதம். கிராமங்களில் 'சரவாங்கி' என்பார்கள். மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்தால், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதிலிருந்து எந்த வாக்கரை வாங்க வேண்டும் என்பது வரை எல்லாமே மாறுகிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆபரேஷன் தேதி குறிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு

வயதாக ஆக மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுவது மூட்டுத் தேய்மானம். பெரும்பாலும் மூட்டோடு நிற்கும் பிரச்னை இது.

முடக்குவாதம் அப்படியல்ல. கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் மாறி நம் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. முதல் அடி, மூட்டின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு விழுகிறது. அந்தச் சவ்வு வீங்கித் தடித்து, புல் படர்வதுபோல் மூட்டுக்குள் படர்ந்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. மூட்டைப் பிடித்துவைத்திருக்கும் தசைநார்களும் தளர்ந்துபோகின்றன. விரல், மணிக்கட்டு, முட்டி, பாதம் என்று பெரும்பாலும் உடலின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாதிக்கும். நுரையீரல், கண், இதயம், ரத்தம் ஆகியவற்றையும் இந்நோய் தொடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் உலகம் முழுக்க சுமார் 1.8 கோடிப் பேர் முடக்குவாதத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் சுமார் 70 சதவிகிதம் பேர் பெண்கள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், அலுவலகம் என்று ஓடிக்கொண்டிருக்கும் 30, 40 வயதுகளிலேயே பலருக்கு இது தொடங்கிவிடுகிறது. 'இந்த வயசுல என்ன மூட்டுவலி?' என்ற ஒற்றைக் கேள்வியாலேயே பல பெண்களின் சிகிச்சை சில வருடங்கள் தள்ளிப்போய்விடுகிறது.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையா?

இல்லை. இதுதான் முதலில் மனதில் நிறுத்த வேண்டிய நல்ல செய்தி.

முடக்குவாதத்தின் போக்கையே கட்டுப்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது மெத்தோட்ரெக்ஸேட். 1988-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதை முடக்குவாதத்துக்கு அங்கீகரித்தது. 1990-களின் இறுதியில் 'பயாலஜிக்' எனப்படும் ஊசி மருந்துகள் வந்தன. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து இந்த மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்களில் பலருக்கு மூட்டு அரிப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. பல நாடுகளில், முடக்குவாதத்துக்காக மூட்டு மாற்ற வேண்டிய தேவையே முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

ஆனால், மருந்தால் வீக்கத்தை அடக்க முடியும், அரித்துப்போன குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்க முடியாது. தாமதமாக நோய் கண்டறியப்பட்டவர்கள், நடுவில் மருந்தை விட்டவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான நோய் உள்ளவர்கள்... இவர்களுக்குத்தான் பெரும்பாலும் முட்டி மாற்று அறுவைசிகிச்சை தேவைப்படுகிறது.

பொதுவாக மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள் இவை:

* மருந்து, பிசியோதெரபி எல்லாம் பார்த்தும் குறையாத வலி. தூக்கத்தைக் கெடுக்கும் வலி.
* வீட்டுக்குள் நடப்பது, பாத்ரூம் போவது போன்ற அன்றாட வேலைகளுக்கே திண்டாட்டம்.
* முட்டியை முழுதாக நீட்ட முடியாமல் மடங்கியபடியே நின்றுபோவது, அல்லது கால் ஒரு பக்கமாக வளைந்துபோவது.
* எக்ஸ்-ரேயில் குருத்தெலும்பு முழுவதும் அழிந்து, எலும்பு அரித்திருப்பது தெரிவது.

'வயசு ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடலாமா?

செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. அதனால் இளம் வயதில் மாற்றினால் பிற்காலத்தில் இன்னோர் ஆபரேஷன் தேவைப்படலாம் என்ற கவலை நியாயமானதே. 2019-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, முழு முட்டி மாற்று செய்தவர்களில் சுமார் 82 சதவிகிதம் பேருக்கு அந்த மூட்டு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதாகக் கணக்கிட்டது. அதில் பெரும்பாலானோர் தேய்மானத்துக்காக மாற்றிக்கொண்டவர்கள். ஆனாலும், 'பத்து வருஷத்துல கழண்டுடும்' என்ற பயத்துக்கு இது ஓரளவு பதில் சொல்கிறது.

மறுபக்கம், முடக்குவாதத்தில் மிக அதிகமாகத் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். தொடைத் தசை மெலியும். நடமாட்டம் குறையக் குறைய எலும்பு பலவீனமாகும். நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். சக்கர நாற்காலிக்குப் போன பிறகு செய்யும் ஆபரேஷனைவிட, தட்டுத்தடுமாறியாவது நடந்துகொண்டிருக்கும்போது செய்வது நல்ல பலன் தரும். ஆகவே வயதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

மாத்திரைகளை நிறுத்தணுமா, வேண்டாமா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

முடக்குவாத மருந்துகள் பலவும் நோய் எதிர்ப்புச் சக்தியை ஓரளவு அடக்கிவைப்பவை. 'எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா காயம் ஆறாது, சீழ் வைக்கும்' என்று யாரோ சொல்ல, ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே எல்லா மாத்திரைகளையும் தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. விளைவு? அடக்கிவைத்திருந்த நோய் சீறிக் கிளம்பும். கை, தோள் எல்லாம் வீங்கிவிட்டால் ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடிக்கவே முடியாது. வாக்கரைப் பிடிக்காவிட்டால் நடைப்பயிற்சி இல்லை. நடைப்பயிற்சி இல்லாவிட்டால் புது முட்டியும் இறுகிப்போகும்.

இதற்கு இன்று தெளிவான வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியும், அந்நாட்டின் இடுப்பு, முட்டி அறுவைசிகிச்சை நிபுணர்கள் சங்கமும் சேர்ந்து 2017-ல் வெளியிட்டு, 2022-ல் புதுப்பித்த பரிந்துரைகளின் சாரம் இது:

* மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனோமைடு: பொதுவாக நிறுத்தத் தேவையில்லை, வழக்கம்போல் தொடரலாம். சிறுநீரகப் பிரச்னை, காய்ச்சல், தொற்று இருந்தால் டாக்டர் மாற்றிச் சொல்வார்.
* பயாலஜிக் ஊசிகள்: இவற்றை இடைநிறுத்த வேண்டும். அடுத்த ஊசி போட வேண்டிய நாள் வந்ததும் அதைப் போடாமல் தவிர்த்து, அதற்கடுத்த வாரத்தில் ஆபரேஷனை வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் போடுபவர் என்றால், கடைசி ஊசியிலிருந்து மூன்றாவது வாரத்தில் ஆபரேஷன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் போடுபவர் என்றால், ஏழாவது மாதத்தில்.
* டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள்: ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள்கள் முன்பு நிறுத்த வேண்டும்.
* மீண்டும் தொடங்குவது: காயம் நன்றாக ஆறி, தையல் பிரித்து, சிவப்போ நீர்க்கசிவோ இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. பொதுவாக இரண்டு வாரம் ஆகும்.

ஸ்டீராய்டு கதை தனி. தினமும் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் உடல், தானாக அந்த ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். ஆபரேஷன் நேரத்தில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் தினசரி டோஸை ஆபரேஷன் அன்றும் தொடர வேண்டும் என்பதே பரிந்துரை. அதேநேரம், டோஸ் அதிகமாக இருந்தால் தொற்று வாய்ப்பும் கூடும். அதனால் முன்கூட்டியே, ருமட்டாலஜிஸ்ட்டின் கண்காணிப்பில், முடிந்தவரை டோஸைக் குறைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போவது நல்லது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். 'சூரணம்', 'மூட்டுவலிப் பொடி' என்று லேபிள் இல்லாமல் விற்கப்படும் சில மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 'இது இயற்கை மருந்துதானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டால், உடலில் ஸ்டீராய்டு இருப்பது மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். எதைச் சாப்பிட்டிருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அந்த டப்பாவையே கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று, மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரை. ஆஸ்பத்திரியில் சேரும்போதும், டிஸ்சார்ஜ் ஆகும்போதும் மருந்துச் சீட்டு மாற்றி எழுதப்படும். அதில் தவறிப்போய் 'தினமும்' என்று வந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முட்டி ஆபரேஷனுக்குக் கழுத்தில் எதற்கு எக்ஸ்-ரே?

'கால்ல ஆபரேஷன், கழுத்தைப் படம் பிடிக்கிறாங்க... பில்லை ஏத்துறாங்களோ?' என்று சந்தேகப்பட வேண்டாம். நீண்டகால முடக்குவாதம் கழுத்தின் மேல்பகுதியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிமானத்தைத் தளர்த்திவிடக்கூடும். பலருக்கு இதனால் வலிகூட இருக்காது. ஆனால், மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போட கழுத்தை வளைக்கும்போது, தளர்ந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்தலாம். கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்-ரேயில் இது தெரிந்துவிடும்.

தாடை மூட்டு பாதிக்கப்பட்டிருந்தால் வாயை அகலத் திறக்க முடியாது. குரல்வளை மூட்டுகளும் பாதிக்கப்படலாம். அதனால்தான் பலருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறையை மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வாயைத் திறக்க முடியவில்லை, கழுத்தைத் திருப்பினால் கை மரத்துப்போகிறது என்றால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இவை தவிர, ரத்தசோகை, நுரையீரல், இதயம், சர்க்கரை ஆகியவையும் பரிசோதிக்கப்படும். முடக்குவாதத்தில் ரத்தசோகை சகஜம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். பல்லில் சொத்தை, சிறுநீரில் தொற்று, காலில் ஆறாத புண் எது இருந்தாலும் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

தொற்று பயம் நிஜமா?

நிஜம்தான். தேய்மானத்துக்காக முட்டி மாற்றுபவர்களைவிட, முடக்குவாதம் உள்ளவர்களுக்குச் செயற்கை மூட்டில் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு அதிகம். நோயும் ஒரு காரணம், மருந்துகளும் ஒரு காரணம். பெரும்பாலானவர்களுக்கு இது வருவதில்லை. ஆனால், வந்தால் மீண்டும் மீண்டும் ஆபரேஷன், மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் என்று குடும்பத்தையே உலுக்கிவிடும்.

காயத்தில் கசிவு, புதிதாகச் சிவப்பு, குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல்... இவற்றில் எது வந்தாலும் பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப்போடாமல், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போக வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த மூட்டு முதலில்?

முடக்குவாதத்தில் முட்டி மட்டும் தனியாகக் கெடுவது அரிது. இடுப்பு, முட்டி இரண்டும் கெட்டிருந்தால் பொதுவாக இடுப்பை முதலில் மாற்றுவார்கள். இடுப்பு இறுகியிருந்தால் முட்டிக்குப் பயிற்சி கொடுப்பது கடினம். பாதத்தில் ஆறாத புண்ணோ, நிற்கவே முடியாத வலியோ இருந்தால் அதை முதலில் கவனிப்பார்கள். இரண்டு முட்டிகளுமே மடங்கி இறுகியிருந்தால், ஒன்றை மட்டும் நிமிர்த்தினால் இரண்டு கால்களின் நீளம் ஒத்துப்போகாது. அப்படிப்பட்டவர்களுக்கு, இதயமும் நுரையீரலும் இடம் கொடுத்தால், இரண்டையும் ஒரே சமயத்திலோ சிறு இடைவெளியிலோ மாற்றுவது உண்டு.

முட்டியின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் 'பாதி முட்டி மாற்று' பற்றி விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். முடக்குவாதம் மூட்டு முழுவதையும் பாதிப்பது என்பதால், அந்த முறை இவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. முழு முட்டி மாற்றுதான் வழி. எலும்பு மென்மையாக இருப்பதால் பெரும்பாலும் எலும்பு சிமென்ட் வைத்தே மூட்டைப் பொருத்துவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு...

பெரும்பாலும் ஆபரேஷன் அன்றோ மறுநாளோ எழுந்து நிற்க வைத்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம். சீக்கிரம் நடப்பது ரத்தக்கட்டு உருவாவதைத் தடுக்கும்.

இங்கேயும் மாமியாருக்கும் மருமகளுக்கும் வித்தியாசம் உண்டு. மாமியார் சாதாரண வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார். விரலும் மணிக்கட்டும் வீங்கிய மருமகளால் முடியாது. அவருக்கு முன்கையை மொத்தமாக ஊன்றிக்கொள்ளும் மேடை வைத்த வாக்கர் தேவை. அதை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி, பழகிவிட வேண்டும்.

வீட்டில் செய்துவைக்க வேண்டியவை:

* வெஸ்டர்ன் டாய்லெட். இல்லாவிட்டால் அதற்கான நாற்காலி. பக்கத்துச் சுவரில் கைப்பிடி.
* சற்று உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலியும் கட்டிலும்.
* நடைபாதையில் மிதியடி, வயர் எதுவும் கிடக்கக் கூடாது. இரவில் ஒரு சின்ன விளக்கு.
* அடுப்படியில் அடிக்கடி எடுக்கும் பாத்திரங்களை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.
* முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க வேண்டாம். சுகமாக இருக்கும். ஆனால், முட்டி மடங்கியே இறுகிவிடும்.

தரையில் சம்மணம் போடுவது, குத்தவைத்து உட்காருவது, குனிந்து உட்கார்ந்து கோலம் போடுவது போன்றவற்றைப் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். நடக்கலாம், படி ஏறலாம், கோயிலுக்குப் போகலாம், பஸ்ஸில் ஏறலாம். பந்தியில் மட்டும் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வீக்கம் முழுதாக வடிய சில மாதங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஆறாவது வாரத்தில் மார்க்கெட் போனார் என்பதற்காக, எட்டாவது வாரத்திலும் வாக்கரோடு இருப்பவரைக் குறை சொல்லாதீர்கள். அவருடைய தசையும், கையும், பாதமும் பல வருடங்களாக நோயோடு போராடியவை.

செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு காலத்தில் மூட்டு உபகரணத்தின் விலையே நடுத்தரக் குடும்பங்களை மிரட்டியது. 2017 ஆகஸ்ட்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு கொண்டுவந்தது. அதுவரை சராசரியாக 1.58 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்ட கோபால்ட் குரோமியம் முழு முட்டி உபகரணத்துக்கு 54,720 ரூபாய் என்று விலை நிர்ணயிக்கப்பட்டது. வரி தனி. இன்றைய உச்சவரம்பு என்ன, உங்களுக்குப் பொருத்தப்படுவது எந்த நிறுவனத்தின் எந்த வகை என்று பில்லில் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஸ்டிக்கரைப் பத்திரமாக வைத்திருங்கள். பிற்காலத்தில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டால் மிகவும் உதவும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் முட்டி மாற்று அறுவைசிகிச்சை செய்துகொள்ள முடியும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. இதற்கான ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம் ரூபாய். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் செய்யப்படுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் ருமட்டாலஜிக்கென்றே தனித்துறை இயங்குகிறது. எலும்பு டாக்டர், ருமட்டாலஜிஸ்ட், மயக்கவியல் டாக்டர் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். முடக்குவாத நோயாளிக்குக் கட்டடத்தின் பளபளப்பைவிட அதுதான் முக்கியம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் மருந்துகளில் எதை, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்? எப்போது மீண்டும் தொடங்க வேண்டும்? எழுதித் தருவீர்களா?
2. என் ருமட்டாலஜிஸ்ட்டிடம் பேசிவிட்டீர்களா?
3. கழுத்து எக்ஸ்-ரே எடுக்க வேண்டுமா?
4. என் கைகளுக்கு எந்த வாக்கர் சரிப்படும்?
5. டிஸ்சார்ஜ் ஆன பிறகு சந்தேகம் வந்தால் யாரை அழைக்க வேண்டும்?

புது முட்டி வந்தாலும் பழைய நோய் போகாது

ஆபரேஷன் முடிந்து, வலி குறைந்து, நடையும் திரும்பிய பிறகு பலர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. 'அதான் முட்டியையே மாத்தியாச்சே, இனி எதுக்கு மாத்திரை?' என்று நிறுத்திவிடுவது. மாற்றிய மூட்டில் அரிப்பதற்குக் குருத்தெலும்பு இல்லை, உண்மைதான். ஆனால் நோய் முட்டியில் இல்லை. அது உடல் முழுக்க இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் அடுத்த முட்டி, மணிக்கட்டு, விரல் என்று அதன் வேலையைத் தொடரும்.

மாமியாருக்கு இந்த ஆபரேஷன் ஒரு முடிவு. வலி போனது, கதை முடிந்தது. மருமகளுக்கோ இது நடுவில் வரும் ஓர் அத்தியாயம். ரத்தப் பரிசோதனை, மாத்திரை, பயிற்சி எல்லாம் தொடரும். ஆனால், அந்த அத்தியாயம் அவருக்குத் திருப்பித் தருவது சின்ன விஷயமல்ல. யாரையும் எழுப்பாமல் ராத்திரி தானே எழுந்து பாத்ரூம் போகலாம். பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு மூன்றாவது மாடி அரங்கம் என்றாலும் போய்வரலாம்.

அதற்கு வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன் தேதி கேட்பதற்கு முன், அவருடைய மாத்திரை டப்பாவையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அவருடன் ருமட்டாலஜிஸ்ட்டிடம் ஒருமுறை போய்வாருங்கள்.